போகியில் போடாதீர்கள் அந்தக் கடிதங்களை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இணைப்பிதழில், எருசலேமைப் பிடிக்க ஐரோப்பியக் கிறிஸ்தவர்கள் முஸ்லிம்களோடு நடத்திய சிலுவைப்போருக்குப் போனவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. இரண்டு தடவை படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர். ஆனால் அந்தக் கடிதங்களை எல்லாம் வீட்டாரை ஏமாற்ற அனுப்பிய பொய்கள் என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார். அந்த வரி என் மனதை விட்டுப் போகவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள், ஆனால் வெட்டாமல் போடுங்கள்.

நான் பர்கூர் பக்கம் ஒரு கிளை அஞ்சலகத்தில் 1976 முதல் 2020 வரை தபால்காரனாக இருந்தவன். அந்தக் காலத்தில் எங்களை ஈ.டி., அதாவது இலாகா சாராத ஊழியர், என்பார்கள். பிறகு கிராம அஞ்சல் ஊழியர் என்று பெயர் மாறியது. காலைப் பேருந்தில் வரும் பையை இறக்கி, முத்திரை குத்தி, ஊர் ஊராகப் பிரித்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினால் வீடு திரும்ப மூன்று மணி ஆகும். எங்கள் பக்கம் மானாவாரி நிலம். மழை வந்தால் கேழ்வரகும் அவரையும் மாங்காயும் உண்டு. வராவிட்டால் பையன்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போவார்கள், இல்லையென்றால் பட்டாளத்தில் சேருவார்கள். அதனால் என் பையில் வாரத்துக்கு நாலைந்தாவது பட்டாளத்துக் கடிதம் இருக்கும். நீல நிற இன்லேண்ட், பின்பக்கம் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' என்று ராணுவ அஞ்சலக முகவரி இருக்கும். ஆள் எங்கே இருக்கிறான் என்று அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. லடாக்காக இருக்கலாம், அசாமாகவும் இருக்கலாம்.

அந்தக் கடிதங்களைக் கொடுத்துவிட்டு நான் போய்விட முடியாது. திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்ட வேண்டும். தாய்மார்களில் பாதிப்பேருக்கு மேல் அப்போது எழுத்துத் தெரியாது. பதில் எழுதுவதும் நான்தான். அதனால், போர்க்களத்திலிருந்து வீட்டுக்கு வரும் கடிதம் என்றால் என்ன என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும் என்று நினைக்கிறேன்.

என் பேத்தி வரலாறு எம்.ஏ. படிக்கிறாள். தங்கள் கட்டுரையை நான் காட்டியதும் அந்தக் கடிதங்களின் ஆங்கில மொழிபெயர்ப்பைத் தேடி எடுத்து, நான்கு இரவு எனக்குத் தமிழில் படித்துச் சொன்னாள். முதல் சிலுவைப்போர்க் காலத்துக் கடிதங்களை ஹாகன்மேயர் என்ற ஜெர்மானியர் 1901இல் ஒரே புத்தகமாகத் தொகுத்துப் போட்டிருக்கிறாராம். அதற்குப் பிறகு வந்த மொழிபெயர்ப்புகள் பெரும்பாலும் அதைப் பார்த்துச் செய்தவைதான் என்றாள்.

அவற்றில் ஸ்டீபன் என்ற பிரபுவின் கடிதங்களைத்தான் கட்டுரையாளர் அதிகம் கேலி செய்திருந்தார். ஸ்டீபன் பிரான்சில் பிளுவா, சார்த்ர் சீமைகளை ஆண்டவர். மனைவி அடிலா, இங்கிலாந்தைப் பிடித்த வில்லியம் மன்னனின் மகள். ஸ்டீபன் 1096இல் புறப்பட்ட படையோடு போனார். மனைவிக்கு அவர் எழுதியதில் இரண்டு கடிதங்கள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. முதல் கடிதம் 1097 ஜூனில் நைசியாவிலிருந்து எழுதியது. இன்றைக்குத் துருக்கியில் இஸ்னிக் என்று சொல்லும் ஊர் அது. கான்ஸ்டான்டிநோபிள் பேரரசர் அலெக்சியஸ் தன்னை மகனைப் போல நடத்தினார், நம் பிள்ளைகளில் ஒருவனை அரண்மனைக்கு அனுப்பச் சொல்கிறார் என்று பெருமையாக எழுதுகிறார். நைசியாவின் கோட்டைக்கு முந்நூறுக்கு மேல் கோபுரங்கள் என்கிறார். இதெல்லாம் இருக்கட்டும். எனக்குப் பிடித்துக்கொண்டது கடிதத்தின் தொடக்கம்தான். கான்ஸ்டான்டிநோபிளிலிருந்து முன்னாலேயே ஒரு கடிதம் அனுப்பினேன், கொண்டுவருகிறவனுக்கு வழியில் ஏதாவது ஆகியிருக்குமோ என்று திரும்பவும் எழுதுகிறேன் என்கிறார். எங்கள் ஊர்ப் பையன்களும் அப்படித்தான். 'போன மாதம் 12ஆம் தேதி போட்ட லெட்டர் கிடைத்ததா' என்று கேட்காமல் ஒருவனும் ஆரம்பிக்க மாட்டான்.

அதே கடிதத்தில், இன்னும் ஐந்து வாரத்தில் எருசலேம் போய்ச் சேருவோம், அந்தியோக்கியா மட்டும் தடுக்காமல் இருந்தால் என்று ஒரு வரி. வழியில் இருந்த அந்தக் கோட்டை நகரம் தடுத்தது. படை எருசலேமின் மதிலைக் கண்டது 1099 ஜூனில், ஏறக்குறைய இரண்டு வருடம் கழித்து. கட்டுரையாளர் இதைப் பொய்க்கு முதல் சாட்சியாகக் காட்டுகிறார். 'பொங்கலுக்கு லீவு கிடைச்சிடும்மா' என்று எழுதி, அடுத்த பொங்கலுக்கும் வர முடியாமல் போன பையன்கள் எத்தனை பேருடைய கடிதத்தை நான் படித்திருக்கிறேன்! அவர்கள் அதை நம்பித்தான் எழுதினார்கள். படித்துச் சொன்ன நானும் நம்பித்தான் படித்தேன்.

இரண்டாவது கடிதம் 1098 மார்ச் 29 அன்று, அந்தியோக்கியாவை முற்றுகையிட்டிருந்த பாளையத்திலிருந்து. ஈஸ்டருக்கு மறுநாள். அலெக்சாண்டர் என்ற அவருடைய குருவானவர் அவசர அவசரமாக எழுதியது என்று கடிதத்திலேயே இருக்கிறது. நீ வழிக்குக் கொடுத்தனுப்பிய பொன்னும் வெள்ளியும் இப்போது இரண்டு பங்காக இருக்கிறது, படைத்தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து என்னைத் தங்களுக்குத் தலைவனாக வைத்திருக்கிறார்கள் என்று எழுதுகிறார். சிரியாவில் வெயில் தாங்க முடியாது என்று சொல்கிறார்களே அது தப்பு, குளிர்காலம் நம் ஊரைப் போலத்தான் இருக்கிறது என்றும் எழுதுகிறார். பட்டினியைப் பற்றிப் பேச்சு வரும்போது, கடவுளின் கருணையும் எங்கள் பணமும் இல்லாவிட்டால் நம் ஆட்கள் பலர் செத்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுகிறார். கடைசியில், என் மனதில் உள்ளதை எல்லாம் உனக்குச் சொல்ல முடியவில்லை, நிலத்தைக் கவனமாகப் பார்த்துக்கொள், பிள்ளைகளையும் நம்மை அண்டியிருப்பவர்களையும் முறையாக நடத்து, முடிந்த சீக்கிரம் வந்துவிடுவேன் என்று முடிக்கிறார்.

பேத்தி இந்த இடத்தைப் படித்தபோது நான் நிறுத்தச் சொன்னேன். எனக்கு ஒரு அம்மா நினைவுக்கு வந்தார்.

1980களின் கடைசி என்று ஞாபகம். என் பீட்டில், அதாவது தினமும் தபாலோடு சுற்றுகிற வழியில், கடைசி ஊர். அந்த அம்மாவுக்கு இரண்டு மகன்கள். பெரியவன் பெங்களூரில் கொத்து வேலை. சின்னவன் பட்டாளத்தில், மிக உயரமான பனிப் பிரதேசம் ஒன்றில். ஒருநாள் சின்னவனிடமிருந்து ஒரே தேதியில் இரண்டு கடிதங்கள் வந்தன. ஒன்று அம்மாவுக்கு, ஒன்று அண்ணனுக்கு. அண்ணன் ஊரில் இல்லை. இரண்டையும் படிக்கச் சொன்னார் அந்த அம்மா. அம்மாவுக்கு வந்ததைப் படித்தேன். சுகமாக இருக்கிறேன், குளிர் கொஞ்சம் ஜாஸ்தி, சாப்பாடு நன்றாகப் போடுகிறார்கள். அவ்வளவுதான். அண்ணனுக்கு வந்ததைப் பிரித்ததும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. பனி கடித்து இடது காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள், அம்மாவிடம் சொல்லாதே என்று எழுதியிருந்தான். நான் வாய்க்கு வந்தபடி சுகம், சுகம், மாடு கன்று போட்டதா என்று கேட்டிருக்கிறான் என்று நாலு வரி சொல்லி மடித்தேன்.

அந்த அம்மா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கிப் பிரித்துப் பார்த்தார். அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாது. "ஏம்பா, இது அந்த ஓரம் வரைக்கும் எழுதியிருக்குதே. எனக்கு வந்தது பாதிதான் இருந்தது. அதை அவ்வளவு நேரம் படிச்சே, இதை இவ்வளவு சீக்கிரம் முடிச்சிட்டே?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "உடம்புல எந்த இடம்பா?" என்று மட்டும் கேட்டார். கால் என்றேன். அதற்கு மேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தார். பதில் எழுதச் சொன்னபோதும் காலைப் பற்றி ஒரு வார்த்தை எழுதச் சொல்லவில்லை. மகன் மறைத்தது மறைத்தபடியே இருக்கட்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

ஆசிரியர் அவர்களே, அந்தப் பையன் எழுதியதைப் பொய் என்று நான் எப்படிச் சொல்வேன்? அடிலா அந்த அம்மாவைப் போல இல்லை, லத்தீன் படித்தவர். யாரும் படித்துக் காட்டத் தேவையில்லாமல் தானே படித்திருப்பார். பொன்னும் வெள்ளியும் இரண்டு பங்கு என்று எழுதிய கை, மனதில் உள்ளதைச் சொல்ல முடியவில்லை என்றும் எழுதியிருக்கிறது. அந்தக் கடைசி வரிகளில் அவர் கண் நின்றிருக்காதா? அடிலா எழுதிய பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கட்டுரையாளர் அப்படி எழுதியிருக்க மாட்டார்.

பிறகு நடந்தது கட்டுரையில் இருந்தது. கடிதம் எழுதி இரண்டு மாதம் கழித்து, 1098 ஜூன் 2ஆம் தேதி ஸ்டீபன் பாளையத்தை விட்டு விலகிவிட்டார். அன்று இரவே அந்தியோக்கியா விழுந்தது. உடனே பின்னாலிருந்து மோசூல் நகரத் தலைவர் கெர்போகாவின் பெரிய படை வந்து, உள்ளே போனவர்களையே முற்றுகையிட்டது. எல்லாம் முடிந்தது என்று நினைத்த ஸ்டீபன், உதவிக்கு வந்துகொண்டிருந்த பேரரசரை வழியில் பார்த்து அதையே சொல்ல, பேரரசரும் படையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். இது சின்னத் தவறு கிடையாது. அவரை நம்பி உள்ளே இருந்தவர்கள் பசியில் செத்தார்கள். ஊர் திரும்பியவரை மறுபடியும் போகச் சொல்லி மனைவியே வற்புறுத்தினார் என்று ஆர்டெரிக் விட்டாலிஸ் என்ற துறவி எழுதியிருக்கிறார். போனார். 1102இல் ராம்லாவில் செத்தார். கோழை என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். அந்த மார்ச் மாதக் கடிதத்தில் இருப்பது வீட்டுக்குப் போக வேண்டும் என்று ஏங்குகிற ஒரு மனிதன். அதை அவன் மறைக்கத்தான் பார்த்தான், முழுசாக மறைக்க முடியவில்லை.

கட்டுரையில் எனக்கு இன்னொரு குறை. கடிதத்தைச் சுமந்தவர்களைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பையைச் சுமந்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது.

1099 மே மாதம் படை கடற்கரையோரமாக எருசலேமை நோக்கிப் போகும்போது, வானத்தில் ஒரு பருந்து அடித்து ஒரு புறா பாளையத்தில் வந்து விழுந்ததாம். அதன் உடம்பில் ஒரு கடிதம். முஸ்லிம் தரப்பு ஆக்கர் நகரத் தலைவர் செசரியா நகரத் தலைவருக்கு, இவர்களை விடாதே, எதிர்த்து நில் என்று எழுதியது. படையோடு போன ரேமண்ட் என்ற குருவானவர் இதை எழுதி வைத்திருக்கிறார். சிரியாவிலும் எகிப்திலும் புறாத் தபால் அப்போதே நல்ல வழக்கத்தில் இருந்தது.

இன்னொருவர் ஈசா. இவரைப் பற்றிக் கேட்ட இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 1189 முதல் 1191 வரை ஆக்கர் நகரம் முற்றுகையில் கிடந்தது. உள்ளே முஸ்லிம் சுல்தான் சலாவுதீனின் ஆட்கள், சுற்றிலும் சிலுவைப்படை, கடலில் அவர்களுடைய கப்பல்கள். வெளியே இருந்த சலாவுதீனிடமிருந்து உள்ளே கடிதமும் பணமும் கொண்டுபோகிற வேலை ஈசாவுக்கு. இரவில் இடுப்பில் கட்டிக்கொண்டு கடலில் இறங்கி, கப்பல்களுக்கு அடியில் மூழ்கி அந்தப் பக்கம் எழுந்து நகருக்குள் போவார். சேர்ந்ததும் ஒரு புறாவைப் பறக்கவிடுவார்கள், அதுதான் ஒப்புதல் ரசீது. ஓர் இரவு போனவர், புறா வரவில்லை. சில நாள் கழித்து நகரத்தின் கடற்கரையில் ஒரு பிணம் ஒதுங்கியது. ஈசாதான். இடுப்பில் பொன்னும் கடிதங்களும் அப்படியே இருந்தன. உயிரோடு இருக்கும்போது ஏற்றுக்கொண்டதைச் செத்த பிறகும் கொண்டுபோய்ச் சேர்த்தவரை இதற்கு முன் கண்டதில்லை என்ற பொருளில், சலாவுதீனோடு இருந்த பஹாவுத்தீன் இப்னு ஷத்தாத் எழுதியிருக்கிறார்.

எங்கள் வேலையை இதோடு ஒப்பிட மாட்டேன். ஆனால் ஐப்பசி மழையில் ஓடை நிறைந்து ஓடும்போது சைக்கிளை இக்கரையில் போட்டுவிட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு நானும் இறங்கியிருக்கிறேன். உடம்பு நனைந்தால் காய்ந்துவிடும், இன்லேண்ட் நனைந்தால் மை கரைந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

1249 ஜூனில் பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியின் படை எகிப்தில் டமியேட்டா நகரைப் பிடித்தது. மன்னரின் தம்பி ஆர்ட்வா பிரபு ராபர்ட், ஊரில் ஆட்சியைக் கவனித்துக்கொண்டிருந்த தாய் பிளான்ஷுக்கு அந்த வெற்றியை எழுதினார். நானும் அண்ணனும் நலம் என்று ஒரு மகன் தாய்க்கு எழுதுகிற கடிதம். அடுத்த பிப்ரவரி 8ஆம் தேதி மன்சூராவில் ராபர்ட் கொல்லப்பட்டார். லூயியே ஏப்ரலில் சிறைப்பட்டு, பெரும் பணம் கட்டி மீண்டு, ஆகஸ்டில் ஆக்கரிலிருந்து நாட்டு மக்களுக்கு எழுதிய கடிதத்தில் தம்பியின் சாவைச் சொல்கிறார். அந்தத் தாய்க்கு முதலில் மகிழ்ச்சிக் கடிதம், பிறகு சாவுச் செய்தி. அந்த வரிசையாவது சரியாக இருந்தது.

என் கையில் ஒருமுறை வரிசை மாறி வந்தது. 1990களில் ஒரு மழைக்காலம். முதலில் தந்தி வந்தது. பிறகு பையனின் உடல் வந்தது. எல்லாம் முடிந்து ஒன்பதாம் நாள் பையைப் பிரித்தால் அவன் கையெழுத்தில் நீலக் கடிதம். சாவதற்கு முன் போட்டிருக்கிறான். நான் அதை இரண்டு நாள் என்னிடமே வைத்திருந்தேன். தபாலை நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரம் கிடையாது, அது தப்பு, தெரிந்தேதான் செய்தேன். மூன்றாம் நாள் கொண்டுபோய் அவன் அப்பாவிடம் கொடுத்தேன். வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படிக்கட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஒட்டியது ஒட்டியபடியே எடுத்துப்போய் மகனின் தகரப் பெட்டியில், அவன் யூனிபாரத்துக்கு அடியில் வைத்தார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் அந்த வழியாகத்தான் தினமும் போனேன். ஒருநாளும் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லவில்லை.

கட்டுரையில் வந்த ஒரு கடிதத்தைப் பற்றி மட்டும் நான் கட்டுரையாளர் பக்கம்தான். எருசலேம் 1099 ஜூலை 15இல் விழுந்தது. செப்டம்பரில் தலைவர்கள் போப்பாண்டவருக்கு எழுதிய அறிக்கையில், சாலமோன் ஆலயத்தில் எங்கள் ஆட்கள் குதிரையின் முழங்கால் வரை இரத்தத்தில் சவாரி போனார்கள் என்று இருக்கிறது. முழங்கால் கணக்கு மிகையாக இருக்கலாம். அதைப் பெருமையாக எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை. இந்தப் படையைக் கிளப்பிவிட்ட போப் இரண்டாம் அர்பன் ஜூலை 29ஆம் தேதியே இறந்துவிட்டார், வெற்றிச் செய்தி அவர் காதுக்குப் போகவே இல்லை. ஆனால் அந்தக் கடிதம் ஐரோப்பா முழுக்கப் படிக்கப்பட்டது. கேட்ட சனம் என்ன செய்திருக்கும்? சந்தோஷப்பட்டிருக்கும். அதை நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

அதே இரத்தத்தின் மறுபக்கத்திலிருந்தும் ஒரு கடிதம் இருக்கிறது, கட்டுரையாளர் அதையும் எழுதியிருக்க வேண்டும். எருசலேமுக்குக் கொஞ்ச தூரத்தில் கடற்கரையில் அஸ்கலோன் என்ற ஊர். அது அப்போது சிலுவைப்படையிடம் விழவில்லை. அங்கிருந்த யூதப் பெரியவர்கள் 1100ஆம் ஆண்டு எகிப்தில் இருந்த தங்கள் சனத்துக்கு எழுதினார்கள். எருசலேமில் பிடிபட்டவர்களைப் பணம் கொடுத்து மீட்கிறோம், கொள்ளையில் போன வேதப் புத்தகங்களையும் மீட்கிறோம், கடன் ஏறிவிட்டது, உதவுங்கள் என்று. அதில் வீரப் பேச்சே இல்லை. யார் வந்து சேர்ந்தார்கள், யார் வழியில் நோயில் செத்தார்கள், எவ்வளவு செலவு, எவ்வளவு பாக்கி என்றுதான் போகிறது. எங்கள் ஊரில் மணியார்டர் கேட்டு எழுதும் கடிதம் இப்படித்தான் இருக்கும்.

இந்தக் கடிதம் எப்படிப் பிழைத்தது என்று பேத்தியைக் கேட்டேன். பழைய கெய்ரோவில் பென் எஸ்ரா என்று ஒரு யூதர் கோயில். கடவுளின் பெயர் எழுதிய தாளை எரிக்கக் கூடாது, குப்பையில் போடக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். அதனால் எழுத்துள்ள தாள் எதுவானாலும், கணக்குச் சீட்டு, கல்யாணப் பத்திரம், வீட்டுக் கடிதம் எல்லாவற்றையும் ஓர் அறையில் போட்டு வைத்தார்கள். பல நூற்றாண்டு அப்படியே கிடந்தது. 1897 வாக்கில் ஷெக்டர் என்ற அறிஞர் பெரும்பகுதியைக் கேம்பிரிட்ஜுக்குக் கொண்டுபோனார். அந்தக் குவியலிலிருந்துதான் அஸ்கலோன் கடிதம் வந்தது. ஸ்டீபன் எழுதியதும் யாரோ பாதுகாத்ததால்தான் பிழைத்தது. அவர் அனுப்பிய தாள் இன்றைக்கு இல்லை, மடத்தில் யாரோ உட்கார்ந்து பிரதி எடுத்ததால் இருக்கிறது. அந்தச் சிலுவைப்போர்க் கடிதங்களில் சில பிற்காலத்தில் மடங்களில் திருத்தியோ புனைந்தோ எழுதியவையாக இருக்கலாம் என்று ஆராய்கிறவர்களும் உண்டாம். ஆராய்வதற்காவது தாள் இருக்கிறது.

நாமும் தாளை மிதித்துவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறவர்கள்தான். ஆயுத பூஜைக்குப் புத்தகத்தை அடுக்கிப் பொட்டு வைக்கிறோம். ஆனால் போகி அன்று என்ன செய்கிறோம்?

அந்தத் தகரப் பெட்டிக்காரப் பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டைப் புதிதாகக் கட்டினார்கள். போன போகிக்கு விடியற்காலையில் நான் அந்தத் தெருவழியாகப் பால் வாங்கப் போனேன். வாசலில் எரிந்துகொண்டிருந்தது. பழைய பாய், முறம், கிழிந்த துணி. ஓரத்தில் மூடி திறந்த தகரப் பெட்டி காலியாக இருந்தது. கம்பியில் குத்தி வைத்த கடிதக் கட்டு கம்பியோடு நெருப்பில். நான் ஓடிப்போய்க் குச்சியால் இழுத்தேன். விளிம்பு கருகின மூன்று மணியார்டர் துண்டுச் சீட்டு கிடைத்தது. அந்தக் கடிதம் கிடைக்கவில்லை. "பழசுங்க தாத்தா, யாருக்கும் தேவையில்லை" என்றான் பேரப் பையன். அவனைக் குறை சொல்ல மாட்டேன். அவன் பிறப்பதற்கு முந்தின சங்கதி, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்தப் பையன் கடைசியாக என்ன எழுதினான் என்பது இனி யாருக்கும் தெரியாது.

போகிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதனால் தங்கள் பத்திரிகை வழியாகக் கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டத்துக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீட்டில் பட்டாளத்துக் கடிதம் இருந்தால் எரிக்காதீர்கள். பழைய பேப்பர்காரருக்கும் போடாதீர்கள். தபால்தலையை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டு தாளை எறியாதீர்கள், அந்தத் தபால் முத்திரையில்தான் தேதி இருக்கிறது. ரப்பர் பேண்டு போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள், அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். ரசக்கற்பூர உருண்டை எல்லாம் வேண்டாம், கரையான் ஏறாத உயரத்தில் ஈரம் படாமல் ஒரு பெட்டியில் வைத்தால் போதும்.

அரசுக்கும் ஒரு கோரிக்கை. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. தருமபுரியில் நடுகற்களை வரிசையாக வைத்திருக்கிறார்கள். நான் போகும்போதெல்லாம் நின்று பார்ப்பேன். ஆநிரையை மீட்கப் போய்ச் செத்தவனுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்னால் நம் ஆட்கள் கல் நட்டார்கள். யார் ஆட்சியில், எந்தச் சண்டையில், எவன் பட்டான் என்று வெட்டி வைத்தார்கள். சிலுவைப் படையிலும் ரிபுமோன் ஊர் ஆன்செல்ம் என்ற பிரபு, அந்தியோக்கியாவிலிருந்து ரேம்ஸ் பேராயருக்கு எழுதும்போது செத்தவர்கள் பெயரை ஒவ்வொன்றாக எழுதி இவர்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்கிறார். 1099இல் அவரும் அர்க்கா முற்றுகையில் கல்லடி பட்டுச் செத்தார். பெயரை எழுதி வைக்கிற இந்தக் குணம் எல்லா ஊரிலும் இருக்கிறது. ஆனால் கல்லில் இருக்கிறவன் கிளம்பும்போது தாயிடம் என்ன சொன்னான் என்று கல் சொல்லாது. அதைச் சொல்கிற தாள் எங்கள் ஊர் வீடுகளில் இருக்கிறது.

தாளை வாங்கிக்கொள்ளச் சொல்லவில்லை. வீட்டார் விரும்பினால் படம் எடுத்துப் பிரதி வைத்துக்கொண்டு தாளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். நம் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறையில் செய்துவிடுவார்கள். வீட்டார் வேண்டாம் என்கிற பகுதியை வெளியே காட்டக் கூடாது, அந்த உறுதி வேண்டும். புருஷன் பெண்டாட்டிக்கு எழுதியதை ஊருக்குப் படித்துக் காட்டிய பாவத்தை நான் கொஞ்சம் சுமக்கிறேன், பிள்ளைகள் சுமக்க வேண்டாம்.

இதெல்லாம் நடக்காத காரியமா? தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை நம் பாராமகாலில், அதாவது இந்தத் தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்தில், நிலவரித் திட்ட வேலை பார்த்தவர். ஸ்காட்லாந்தில் இருந்த தாய் தகப்பனுக்கும் தங்கைக்கும் இங்கிருந்து கடிதம் எழுதினார். அவர் வீட்டார் அவற்றைப் பத்திரமாக வைத்திருந்தார்கள், பிறகு அச்சிலும் வந்தது. 230 வருடத்துக்கு முந்தின தருமபுரியைப் பற்றிப் படிக்க நாம் அந்த வெள்ளைக்காரர் வீட்டுக் கடிதத்தைத்தான் புரட்டுகிறோம்.

இனிமேல் இப்படிக் கடிதம் வரப்போவதில்லை. தந்தி 2013 ஜூலையில் நின்றது. பையன்கள் எல்லையிலிருந்து வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசுகிறார்கள், நல்லதுதான், தாய்க்குக் காலை மறைக்க முடியாது. அதனால் இருப்பது இருக்கிறபடி, இன்னும் நாலைந்து போகிக்குள் தீர்ந்துவிடும்.

நான் இதுவரை எங்கள் சுற்றுவட்டாரத்தில் பதினோரு வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஆறு வீட்டில் ஏதோ இருக்கிறது, எரிக்க மாட்டோம் என்று சொல்லியிருக்கிறார்கள். விரல் போன பையனின் வீடும் அதில் ஒன்று. அவர் இப்போது ஓய்வூதியம் வாங்குகிறார், மாந்தோப்பு வைத்திருக்கிறார். அம்மா இல்லை. அம்மாவுக்கு எழுதியது, அண்ணனுக்கு எழுதியது, இரண்டும் ஒரே பிளாஸ்டிக் பையில் இருந்தன. கூடவே நான் எழுதிக்கொடுத்த பதில்களும் இருந்தன. பனிமலையிலிருந்து ஊர் வரை பத்திரமாகத் தூக்கிவந்திருக்கிறார்.

என் கையெழுத்து எனக்கே அடையாளம் தெரிந்தது. பழைய எழுத்து படிக்க முடியவில்லை, மை மங்கிவிட்டது என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்புங்கள். எந்த நாளும் காலை பத்து மணிக்கு மேல் திண்ணையில்தான் இருப்பேன். படித்துச் சொல்கிறேன். முழுசாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம அஞ்சல் ஊழியர்,
பர்கூர் வட்டம், கிருஷ்ணகிரி மாவட்டம்.